கதவுக்கு அந்தப் பக்கம் வைகை

இந்தக் கார்த்திகையில் என் மனைவியை ரயிலில் ஏற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். வெள்ளைக்காரனையே கப்பலேற்றி அனுப்பிவிட்ட தேசம் இது. உலகம்மையை ரயிலேற்ற முடியாதா? வெள்ளைக்காரன் சுலபத்தில் போய்விட்டான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

என் பேர் பூதலிங்கம். சொந்த ஊர் தெரிசனங்கோப்பு. திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் பாதி அடியும் மலையாளத்தில் மீதி அடியும் வாங்கி, இரண்டு பாஷையிலும் விண்ணப்பம் எழுதத் தெரிந்துகொண்டு, அந்த இரண்டும் செல்லாத பம்பாய்க்குப் போய் ஒரு பருத்தி மண்டியில் கணக்கெழுதினேன். போன வருஷம்தான் போதும் என்று ஊரோடு வந்து சேர்ந்தேன். அதுவரை நான் பம்பாயில், உலகம்மை தெரிசனங்கோப்பில். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் ஆகிறது. சேர்ந்து குடித்தனம் செய்ததைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருஷம் தேறாது. மண்டியில் இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் முதலாளி என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

நான் கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு லீவு முடியும்போதும் கூப்பிடுவேன். அவளும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வாள்.

“ரயிலு கக்கூசை நெனச்சா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. நான் வரலே.”

காசிக்குப் போய்வந்த ஒரு சொந்தக்காரி அவளிடம் விவரமாகச் சொல்லிவிட்டாள். தரையில் ஒரு ஓட்டையாம். ஓட்டைக்குக் கீழே பூமி ஓடுமாம். ஜல்லியும் கட்டையும் மாறி மாறிப் பறக்குமாம்.

“அதுக்கென்ன, கண்ணை மூடிக்கிட்டா போச்சு” என்பேன் நான்.

“கண்ணை மூடிட்டு விழுந்தா விழலேன்னு ஆயிருமா? வெளிக்குப் போணும்னா ஒரு மரத்து மறைவு வேணும், ஒரு வாய்க்கா வேணும். வாய்க்காத் தண்ணி ஓடலாம். நம்ம ஓடப்பிடாது.”

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. நானும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிடுவேன். அந்தச் சிரிப்பு திருநெல்வேலி ஸ்டேஷன் வரை தாங்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்து எதிர் ஜன்னலைப் பார்த்ததும் நின்றுபோகும்.

அந்த எதிர் ஜன்னல் இருக்கிறதே, அதில் எப்போதும் யாராவது கமிஷன் வியாபாரி உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். நான் அவரை உலகம்மை என்று வைத்துக்கொள்வேன். மீசையைத் தள்ளுபடி செய்துவிட வேண்டியது. ‘உலகு, இது கோவில்பட்டி, கரிசல் காடு, பாத்தியா எப்பிடிக் கறுத்துக் கெடக்கு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். மதுரை ஸ்டேஷனைத் தாண்டியதும் வைகைப் பாலம் வரும். சக்கரத்தின் சத்தம் திடீரென்று மாறும். வண்டிக்குக் கீழே மண்ணே இல்லாமல் வெறும் ஆகாசமும் ஆறும் இருக்கும். ‘அன்னா பாரு, உலகு’ என்பேன். கமிஷன் வியாபாரி காது குடைந்துகொண்டிருப்பார். எத்தனை வருஷம் எத்தனை மீசைகளுக்கு நான் வைகையைக் காட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. காட்ட வேண்டிய ஆளுக்கு மட்டும் காட்டவில்லை.

இப்போது ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் ஒரே மகள் அழகியநாயகியைத் திருச்சிராப்பள்ளியில் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். கன்னிப்பூ நெல்லை அறுத்து, கும்பப்பூ நாற்றை நட்டு, வயலில் வேலை ஓய்ந்த நேரம். பல வருஷமாகக் கட்டிலோடு கிடந்த என் அம்மாவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். உலகம்மை வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு காரணமும் இல்லை. கக்கூசு ஒன்றைத் தவிர.

அடுத்த வீட்டுத் தாணப்பனிடம் யோசனை கேட்டேன். அவன் மனைவி அவனைச் சந்தைக்குக்கூடத் தனியாக அனுப்ப மாட்டாள். ஆனாலும் பெண்களைப் பற்றி யோசனை சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

“வே, பொம்பளைக்குப் பயம் வந்தா நியாயம் பேசிப் போக்க முடியாது பாத்துக்கிடும்” என்றான் தாணப்பன். “நமக்குப் பயமில்லேன்னு சொல்லப்பிடாது. நமக்கு அது தேவையே இல்லேன்னு சொல்லணும்.”

“தேவை இல்லேன்னா?”

“ரயிலுலே நீரு ஒரு நாளும் அந்தப் பக்கமே போனதில்லேன்னு அடிச்சு விடும். இவராலே முடியும்னா நம்மாலே முடியாதான்னு ஒரு வாசி, ஒரு வீம்பு வரும் பாரும்.”

அன்று மத்தியானம் உலகம்மை புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“உலகு, நான் இத்தனை வருஷமா ரயில்லே போய்ட்டு வாறேன். அந்தக் கக்கூசுக் கதவை ஒரு தடவையாவது தொட்டிருப்பேன்னு நெனக்கியா?”

“தொடலியா?”

“தொட்டதே இல்லை.”

“பம்பாய்லேருந்து வந்து சேர மூணு நாளாகும்னு சொல்லுவியளே.”

“மூணு நாளும்.”

புளியில் இருந்த கை நின்றது. “சின்னதுக்குமா?”

“சின்னதுக்கும். எல்லாம் மனசுதான். மனசைக் கட்டினா உடம்பு கட்டுப்படும்.”

“சத்தியமா?”

“பூதலிங்கசாமி சத்தியமா.”

பூதப்பாண்டிக் கோயில் சாமி பேர்தான் எனக்கு வைத்திருக்கிறது. என் பேரில் நானே செய்கிற சத்தியம்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உலகம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் என்னை நம்பிவிட்டாள் என்று நினைப்பது என் பழைய வழக்கம்.

“அப்ப நானும் வாறேன்” என்றாள். “ஆனா ஒண்ணு. நீங்க எழும்பாத வரைக்கும் நானும் எழும்ப மாட்டேன். நீங்க எழும்பினா, எனக்கும் முடியாதுன்னு அர்த்தம். அந்த ஸ்டேஷன்லயே எறங்கி ஊருக்கு வந்திருவேன். நீங்க மட்டும் போய் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க.”

“சரி” என்றேன். திருச்சி வரை தாங்காவிட்டாலும் போகிறது. வைகைப் பாலம் வரை தாங்கினால் போதும். பாலத்தை அவளுக்குக் காட்டிவிட்டால் பிறகு அவள் இறங்கிப் போனாலும் சரி, என்னை இறக்கிவிட்டாலும் சரி.

முந்தின நாளே பஸ்ஸில் கிளம்பினோம். தோவாளையில் வண்டி நின்றபோது மகளுக்கென்று பிச்சிப்பூ வாங்கி, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதில் ஒரு துண்டு எப்படியோ அவள் கொண்டையில் ஏறியிருந்தது. திருநெல்வேலிப் பாலத்தில் பஸ் ஏறியதும் தாமிரவருணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“காலை மடக்கி உக்காருங்க” என்றாள் என்னிடம். “ஆத்தைக் கடக்கச்சிலே செருப்புக் காலை நீட்டப்பிடாது. ஆறு தாயி.”

நான் மடக்கினேன்.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். விடிந்ததும் கருப்பட்டிக் காப்பி வந்தது. “இன்னும் ஒரு செம்பு குடிங்க, பிரயாணமில்லா” என்று உலகம்மை தன் பங்கையும் எனக்கு ஊற்றினாள். என்ன கரிசனம் என்று நினைத்தேன். குடித்தேன்.

பகல் பாசஞ்சர். எதிர் எதிர் ஜன்னல் இடம் கிடைத்தது. இத்தனை வருஷம் கமிஷன் வியாபாரிகள் உட்கார்ந்த இடத்தில் உலகம்மை உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி அசைந்ததும் அவள் கண் விரிந்தது. கல்யாணத்தன்று பந்தலில் பார்த்த அதே கண். எனக்கு அப்போதே பிறவிப் பயன் கிட்டிவிட்டது. இறங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளுக்குப் பக்கத்தில் நேசபாய் என்று ஒரு பெண். நெய்யூர்ப் பக்கத்துக்காரி, திருச்சியில் ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் இருவரும் பத்து வருஷப் பழக்கம் போல ஒட்டிக்கொண்டார்கள். நான் ‘உலகு, இது தாழையூத்து’ என்று என் முதல் வாக்கியத்தை எடுப்பதற்குள் உலகம்மை முந்திக்கொண்டாள்.

“இவுக பம்பாய்லேருந்து மூணு நாளு எழும்பாம வருவாக, கேட்டியா நேசபாய்.”

“எங்கே எழும்பாம, அக்கா?”

உலகம்மை பெட்டியின் கடைசியில் இருந்த கதவைக் கண்ணால் காட்டினாள்.

நேசபாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காட்சிசாலையில் வைத்த ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அண்ணாச்சி, அது நீர்ப்பைக்கு நல்லதில்லே. ஆஸ்பத்திரியிலே இதுக்கு ஒரு குழாய் வச்சிருக்கு.”

“அவுகளுக்கு அதெல்லாம் வேண்டாம். மனசைக் கட்டி வச்சிருக்காக” என்றாள் உலகம்மை.

மேல் பலகையில் படுத்திருந்த ஒருவர் தலையை நீட்டி, “யாருகிட்ட உபதேசம் வாங்கினீங்க?” என்று கேட்டார். அதற்குள் பெட்டி முழுக்க விஷயம் பரவிவிட்டது. ஒரு கிழவர் என்னைக் கும்பிட்டார். நான் யோகி ஆகிவிட்டேன். இனி எழுந்தால் பார்க்க அறுபது ஜோடிக் கண்கள்.

மணியாச்சி தாண்டியதும் உலகம்மை பொட்டணத்தை அவிழ்த்தாள். நேந்திரங்காயைச் சீவி எண்ணெயில் வறுத்த உப்பேரி. அதில் என்றைக்குமில்லாத உப்பு. தின்றேன். தாகம் எடுத்தது. சீரகம் போட்டுக் காய்ச்சிய வெள்ளம் ஒரு கூஜா நிறைய வைத்திருந்தாள். குடித்தேன். குடித்ததும் இன்னும் நாலு துண்டு தந்தாள்.

“நீ தின்னலியா?” என்றேன்.

“எனக்கு வண்டிப் பயத்திலே தொண்டையிலே எறங்கலே.”

கோவில்பட்டியில் கையைப் பார்த்தாள். “எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு. கை கழுவிட்டு வாறேன்” என்று நேசபாயைக் கூட்டிக்கொண்டு கடைசிக் கதவுப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். என்ன சுத்தம் என்று நான் மெச்சிக்கொண்டேன். சாத்தூரில் சேவு வாங்கினோம். காரம். மறுபடியும் வெள்ளம். மறுபடியும் அவள் கை கழுவப் போனாள். அன்று உலகம்மையின் கையைப் போலச் சுத்தமான கை தென்னிந்தியாவில் வேறு இருந்திருக்காது.

எனக்கு அடிவயிற்றில் பேச்சிப்பாறை அணை கட்டிக்கொண்டிருந்தது.

“உலகு, நானும் கை கழுவிட்டு வந்திரட்டா?” என்றேன்.

“நீங்க எதுக்கு எழும்பணும்? இங்கேயே நீட்டுங்க” என்று ஜன்னல் வழியாகக் கூஜாவைச் சாய்த்தாள். மெல்லிசாக, நூல் பிடித்தது போல, சளசளவென்று ஊற்றினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன். “போதும்” என்றேன். “இன்னும் கொஞ்சம்” என்றாள்.

விருதுநகரில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். யானைத் துதிக்கை மாதிரி ஒரு பெரிய குழாய். அது கொட்டியது. கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

“பாருங்க, நம்ம காளிகேசம் அருவி மாதிரி” என்றாள் உலகம்மை.

நான் பார்க்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே வஸ்து தண்ணீர்தான்.

வேடிக்கை என்னவென்றால், நான் இத்தனை வருஷம் என்ன ஆசைப்பட்டேனோ அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. காற்றில் அவள் முன்மயிர் பறந்தது. வெளியே கையை நீட்டி, “அது என்ன மலை?” என்றாள். “இந்த மண்ணு ஏன் இப்பிடிக் கறுப்பா கெடக்கு?” என்றாள். “இந்த வழியாத்தான் ஒவ்வொரு வருஷமும் போவியளா? தனியாவா?” என்று ஒரு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கமிஷன் வியாபாரிகளிடம் மனசுக்குள் நான் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறேன். இப்போது உலகம்மையே வந்து உட்கார்ந்து கேட்கிறாள். வாயைத் திறந்தால் வேறு எது திறக்குமோ என்று பயம். “ம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எனக்கே அழுகை வந்தது. அதையும் அடக்கினேன், ஒன்றை விட்டால் எல்லாம் போய்விடும்.

திருப்பரங்குன்றத்து மலை தெரிந்ததும் உலகம்மை எழுந்து நின்று கும்பிட்டாள். பிறகு, “கை கழுவிட்டு வாறேன்” என்றாள். இந்தத் தடவை தனியாகப் போனாள்.

நேசபாய் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். மேல் பலகைக்காரர் குறட்டை விட்டார். என்னைக் கும்பிட்ட கிழவர் திருமங்கலத்தில் இறங்கிப் போயிருந்தார். இதுதான் நேரம். உலகம்மை கை கழுவிவிட்டுத் திரும்பும்போது எதிரே பட்டால், தேடி வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எழுந்தேன். எழுந்து நிற்பது அவ்வளவு அபாயமான காரியம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பலகைகளைப் பிடித்துப் பிடித்து, நிறைகுடம் தளும்பாமல் கதவு வரை போனேன்.

உலகம்மையைக் காணோம். கதவு பூட்டியிருந்தது.

தட்டினேன். பதில் இல்லை. வண்டி வேகம் குறைந்தது. கிறீச்சென்று மதுரை ஸ்டேஷனுக்குள் நுழைந்து நின்றது. கதவில் ஒரு பலகை. வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது இதை உபயோகிக்கக் கூடாது என்று மூன்று பாஷையில். பம்பாய் புண்ணியத்தில் எனக்கு மூன்றுமே படிக்கத் தெரிந்தது. படிப்பு ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய சாபம் என்று அன்றுதான் கண்டேன். மறுபடியும் தட்டினேன்.

“ஆளிருக்கு” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலை நான் மூன்று வருஷம்தான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் மறக்கக்கூடிய குரலா?

தாழ்ப்பாள் விலகியது. உலகம்மை வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கொண்டையில் பிச்சிப்பூ கசங்காமல் இருந்தது.

“கை கழுவினியா?” என்றேன். அந்த நிலையில் ஒரு புருஷன் கேட்கக்கூடிய கேள்வி அது ஒன்றுதான்.

“கழுவினேன்.”

“அப்ப கோவில்பட்டியிலே?”

“அதுவும் இதுதான்.”

“சாத்தூர்லே?”

“சாத்தூரு வாறதுக்கு முந்தியே ஆறு வருதுன்னு நேசபாய் சொல்லிட்டா. ஆறு தாண்டினப் பொறவுதான் போனேன்.”

“பயமா இல்லியா உனக்கு?”

“பிடிச்சுக்கிட ஒரு கம்பி வச்சிருக்கான், பாத்திருக்கியளா? காத்து என்னமா வருது. நம்ம தோப்பிலே கூட இந்தக் காத்து கெடையாது.”

“நீ எழும்ப மாட்டேன்னு சொன்னே.”

“நீங்க எழும்புனதே இல்லேன்னு சொன்னிய.”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். “எப்போ தெரிஞ்சுது?”

“புளி எடுக்கச்சிலேயே. மூணு நாளு அடக்கின மனுசன் வீட்டுக்குள்ளே வந்தா என்ன செய்வான்? பெட்டியைக் கீழே போட்டுட்டுத் தோப்பைப் பாத்து ஓடுவான். நீங்க வந்ததும் சம்மணம் போட்டு உக்காந்து, ரெண்டு செம்பு காப்பி குடிச்சு, பம்பாய்க் கதையெல்லாம் பறஞ்சு முடிச்சிட்டுத்தானே எழும்புவிய.”

“தெரிஞ்சுமா உப்பேரியிலே அவ்வளவு உப்பு போட்டே?”

“பூதலிங்கசாமி பேரைச் சொல்லிப்போட்டியளே. பொய்ச் சத்தியம்னா மதுரை வரைக்காவது பாடுபட்டுக் காப்பாத்தணும்லா.”

பிளாட்பாரத்தில் காப்பிக்காரன் கத்திக்கொண்டு போனான். இறங்கி ஓடினால் ஸ்டேஷன் கக்கூசு எங்கேயாவது இருக்கும். ஆனால் எனக்கு வேறொன்று தொண்டை வரை வந்து நின்றது.

“அப்ப இதுக்குப் பயந்தா இத்தனை வருஷம் நீ பம்பாய்க்கு வரலே?”

உலகம்மை முந்தானையால் கையைத் துடைத்தாள். அது காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் துடைத்தாள்.

“அத்தையை யாரு பாத்திருப்பா?” என்றாள். “தானா திரும்பிப் படுக்கக்கூட முடியாம கெடந்தாக.”

“அதைச் சொல்லியிருக்கப்பிடாதா?”

“சொன்னா வேலையை விட்டுட்டு வந்து நிப்பிய. பொறவு வயலை மட்டும் வச்சு அழகிக்கு எப்பிடிக் கல்யாணம் முடிக்க? அத்தைக்கும் நம்மாலேதானேன்னு ஒரு விசனம் வரும். கக்கூசுன்னு சொன்னா, நீங்க சிரிச்சுக்கிட்டு பஸ்ஸு ஏறுவிய.” முந்தானை நுனியை இடுப்பில் செருகினாள். “சிரிச்ச மொகமாப் போனியன்னா, அடுத்த லீவு வரைக்கும் எனக்கு அதை நெனச்சுக்கிட்டு இருக்கலாம்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. என் உடம்பில் அடைக்காமல் பாக்கி இருந்தது அந்த ஒரு இடம்தான்.

ஏதாவது சொல்ல வேண்டும். எதிர் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமிஷன் வியாபாரிகளின் மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கையைப் பிடிக்கலாம் என்று நிலையிலிருந்து என் கையை எடுத்தேன். எஞ்சின் ஊதியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

“வண்டி நவுந்தாச்சு” என்றாள் உலகம்மை. “மொதல்லே உள்ளே போங்க.”

போனேன். உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டேன். “நான் நிக்கேன், நீங்க இருங்க” என்று வெளியே அவள் குரல். மதுரையின் கடைசி வீடுகள் போயின. நான் ஆயத்தமானேன். இத்தனை நேரம் கட்டிய மனசை அவிழ்க்கப் போனேன்.

சக்கரத்தின் சத்தம் மாறியது.

எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கீழே பார்த்தேன். ஓட்டை வழியாக ஜல்லி போய், கட்டை போய், வெறும் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்குக் கீழே ஆறு.

கதவில் படபடவென்று தட்டினாள். “இன்னா, ஆறு வந்திட்டு. ஆத்திலே வேண்டாம். அடக்குங்க. ஆறு தாயி.”

“தெரியும்” என்றேன். தொண்டையிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா, தெரியாது. அடக்கினேன். மூன்று நாளும் சேர்த்து அடக்கியது போல அடக்கினேன்.

“நான் வாசல்லே நின்னு பாக்கேன்” என்றாள் கதவுக்கு அந்தப் பக்கம். “எம்மா, எவ்வளவு அகலம். செவப்பா வெள்ளம் போகுது. நடுவிலே மணல் திட்டு. அன்னா, துணி வெளுக்காங்க. ஒரு பிள்ளை கையைக் காட்டுது. நானும் காட்டுகேன். நீங்க பாத்திருக்கியளா இதை?”

“பாத்திருக்கேன்.”

“தனியாவா?”

“உன்கூடத்தான்” என்றேன். பாலத்துச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

“என்னது?”

“இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொன்னேன்.”

“உள்ளே சன்னலு ஏது? எங்கேருந்து பாக்கிய?”

“கீழே.”

அப்புறம் அவள் சிரித்தாள். கதவில் சாய்ந்துகொண்டு, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல் சிரித்தாள். கதவோடு சேர்ந்து அவள் தோள் குலுங்குவது உள்ளே பிடித்திருந்த என் கையில் தெரிந்தது. அந்தச் சிரிப்பை நான் ஒரு லீவிலும் கேட்டதில்லை. பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒரு மனிதன் அந்த நிலைமையில் அப்படி நினைத்தான் என்றால், அதுதான் உண்மையில் மனசைக் கட்டுவது.

அக்கரை வந்தது. “ம், இனி உங்க இஷ்டம்” என்றாள்.

மற்றது உங்களுக்குத் தேவையில்லை. சோழவந்தான் வரை ஆயிற்று என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

திரும்பி வந்து என் ஜன்னலில் உட்கார்ந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. வெளியே வெற்றிலைக் கொடிக்காலும் வயலும் போய்க்கொண்டிருந்தன. இப்போது என்னால் பேச முடியும். திண்டுக்கல் வரை பேசினேன். எதிர் ஜன்னல், மீசை, பம்பாய் மழை, எல்லாம் சொன்னேன். உலகம்மை கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நேசபாய் விழித்துக்கொண்டு அவளும் கேட்டாள். எனக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

“உலகு” என்றேன். “திரும்பி வாறப்பவும் வைகை வரும்லா. அப்ப ரெண்டு பேருமா இந்த மாதிரி சன்னல்லே எதிர் எதிரா இருந்து பாப்போம். நான் உப்பேரி தொட மாட்டேன்.”

உலகம்மை மடியில் இருந்த ஈரத்துணியைப் பிரித்து, மகளுக்கு வாங்கிய பூ வாடியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு நேசபாயைப் பார்த்தாள். நேசபாய் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலைக் கண்டதுமே என் விஷயம் முன்னமேயே பேசி முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“சன்னல்லே நானும் அழகியும் இருந்துக்கிடுவோம்” என்றாள் உலகம்மை. “வயித்துப்பிள்ளைக்காரி, அவளுக்கு நிமிசத்துக்கு ஒருக்க அங்கே போணும். எந்த வண்டியிலேயும் தாப்பா சரியா இருக்காது, வெளியே கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆம்பளை வேணும்னு நேசபாய் சொல்லுகா. மூணு நாளானாலும் தன் காரியத்துக்கு எழும்பாத மனுசன் நம்மகிட்டே இருக்காரு, அவரே திருநெல்வேலி வரைக்கும் நிப்பாருன்னு நான் அப்பவே சொல்லிட்டேன்.”